பன்னிரண்டு வீட்டு ஈரத்தைக் குடித்த பொட்டலம்

குயில்முடி எஸ்டேட்டில் மழை வருவதில்லை, மழை குடியிருக்கும். ஆனி பிறந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்குகிற உறவுக்காரரைப்போல உட்கார்ந்து, உப்பை ஒழுகவைத்து, தீப்பெட்டியை நமுக்கவைத்து, சுவரில் பச்சையாய்ப் படம் வரைந்து, ஆவணி கழிந்த பிறகுதான் ஈரக்காலோடு எழுந்து போகும். அந்த எஸ்டேட்டின் ஆறாம் நம்பர் லைனில், ஒரே கூரைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு நிற்கிற பன்னிரண்டு வீட்டில் நாலாவது வீடு எங்களுடையது. என் வீட்டுக்காரர் தங்கதுரை ஃபேக்டரியில் தேயிலை காயவைக்கிற டிரையரில் வேலை. நான் கேமரா வைத்திருக்கிறேன்.

பொள்ளாச்சியில் ஸ்டுடியோ நடத்துகிற என் அண்ணன் புதுசு வாங்கியபோது பழையதை எனக்குக் கொடுத்தான். காதுகுத்து, சடங்கு, ஞானஸ்நானம், பேங்க் புத்தகத்துக்கு ஒட்டுகிற போட்டோ, எதுவானாலும் இந்த மலையில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கேமராவோடு ஒரு சுருக்குப்பையும் வந்தது. கேமராவைப் பார்த்து வாய் பிளக்காத ஆள் கிடையாது, அந்தப் பையைத் திறந்து பார்த்த ஆளும் கிடையாது. கல்யாண வீட்டில் மாலை மாப்பிள்ளைக்குத்தான், அடுப்படியில் புகை தின்கிறவரை யார் தேடுகிறார்கள். ஆனால் அடுப்படி ஆள் ஒரு நாள் வராமல் போகட்டும், அப்போது தெரியும் மாப்பிள்ளை பவிசு.

அந்தப் பையில் இருந்ததெல்லாம் அடுப்படி ஆட்கள். லென்ஸ் மூடி தொலையாமல் கழுத்தில் கட்டித் தொங்கவிட ஒரு கயிறு. அமுக்கினால் புஸ்ஸென்று ஊதித் தூசியை விரட்டுகிற ரப்பர் பந்து, என் மகள் பூவிழிக்குச் சளி எடுக்கிற பந்தும் அதுவும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும், ஒரு தடவை மாற்றிக்கூட எடுத்திருக்கிறேன். கண்ணை வைத்துப் பார்க்கிற இடத்தில் புருவம் இடிக்காமல் ஒரு ரப்பர் வளையம். கேமராவின் அடியில் ஒட்டிக்கொண்டு ஸ்டாண்டில் டக்கென்று உட்காரவைக்கிற, பெருவிரல் நீளமே உள்ள ஒரு தகடு. எட்ட நின்றே அமுக்கிப் படமெடுக்க ஒரு பொத்தான் வயர். இவர்கள் எல்லோருக்கும் கடைசியில், வாய் தைத்த ஒரு துணிப்பொட்டலம். இரண்டு விரல் அகலம், உள்ளே மிளகு அளவில் நீல மணிகள். புதுச் செருப்பு டப்பாவில் தின்னக்கூடாது என்று எழுதிப் போட்டிருப்பார்களே, அதன் பெரிய வடிவம். காற்றிலுள்ள ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். குடித்து நிறைந்தால் மணி ரோஸ் நிறமாகிவிடும், சமையலுக்கு ஆகாத ஒரு பழைய தோசைக்கல்லில் போட்டு வறுத்தால் குடித்ததைக் கக்கிவிட்டு மறுபடி நீலமாகிவிடும். எங்கள் மலையில் அந்தப் பொட்டலம் இல்லாத கேமராவின் லென்ஸுக்குள் ஒரே மழைக்காலத்தில் பூசணம் சிலந்தி வலை மாதிரிப் படர்ந்துவிடும், அப்புறம் எடுக்கிற மணப்பெண்ணெல்லாம் மூடுபனிக்குள் நிற்பாள். அதனால் கேமராவையும் பொட்டலத்தையும் இறுக்கமான மூடி போட்ட முறுக்கு டப்பாவுக்குள் ஒன்றாக வைத்திருப்பேன்.

பூவிழி மாசியில் பிறந்தவள். அந்த ஆனியில் அவளுக்கு நாலு மாசம், ஒரு நாளைக்கு இருபத்திரண்டு மூத்திரத்துணி. ஒரு காலை, மணிகளை வறுத்துப் பொட்டலத்தில் போட்டுத் தைத்து முடித்தேன், டப்பாவுக்குள் வைக்கப் போகிற நேரம் அவள் வீரிட்டாள்; கையிலிருந்ததை அப்படியே துணிக்கொடியில் ஒரு கிளிப் போட்டு மாட்டிவிட்டுப் போய்ப் பால் கொடுத்தேன். கொடுத்து, தோளில் போட்டு, ஏப்பம் வரவைத்து, திரும்பி வந்து பார்த்தால் கொடியில் கிடந்த இருபத்திரண்டும் சுட்ட அப்பளம் மாதிரி மொடமொடவென்று நின்றன. கைக்குழந்தைக்காரிக்குக் காய்ந்த துணி எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றாது, மடிக்கத்தான் தோன்றும். மடித்து அடுக்கினேன்.

பக்கத்து வீட்டு ரோஸ்மேரி அக்கா வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி செவ்வந்தி, உன் வீட்டுல மட்டும் எப்படி வெயில் அடிச்சுது?"

"உள்ளதான் அடிச்சுது அக்கா."

"சூரியனைக் குடி வச்சிருக்கியா? உன் புருஷனுக்குத் தெரியுமா?"

பொட்டலத்தைக் காட்டினேன். அக்கா அதை மூக்கில் வைத்து மோந்து பார்த்தாள், காதில் வைத்துக் கேட்டாள், பிறகு கேட்டாள்: "ஒரு மணி நேரம் குடுப்பியா? வேலைக்குப் போட்டுப் போற கம்பளி மூணு நாளாப் பொணம் மாதிரி கெடக்கு."

கொடுத்தேன். ஒரு மணி நேரம் ஒரு நாளானது, ஐந்தாவது வீடு எட்டாவது வீடானது, வாரம் முடிவதற்குள் பன்னிரண்டு வீட்டுக்கும் முறை வைத்தாகிவிட்டது. முறை வைத்தவர் மேஸ்திரி சவரிமுத்து அண்ணன், பதினொன்றாவது வீட்டுக்காரர். கொழுந்து பறிக்க இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்துவிடுகிற வாயால் பொட்டலத்தையும் பிரித்துவிட்டார். சாயங்காலம் ஃபேக்டரி சங்கு ஊதினதும் ஒரு வீட்டுக்காரி எவர்சில்வர் தட்டில் வைத்துக் கொண்டுபோய் அடுத்த வீட்டுக்காரியிடம் இரண்டு கையாலும் நீட்டுவாள். முருகன் வீட்டில் முருகன் படத்துப் பக்கத்து ஆணியிலும், மாதா வீட்டில் மாதா படத்துப் பக்கத்து ஆணியிலும் அது தொங்கும். இரண்டு பக்கமும் அதற்கு ஒரே மரியாதைதான்.

அதற்கப்புறம் எங்கள் லைனில் நடந்ததைக் கேட்டால் மற்ற எஸ்டேட்காரர்கள் வயிறெரிவார்கள். உப்பு மணல் மாதிரி உதிர்ந்தது, தீக்குச்சி முதல் உரசலில் பற்றியது, பிள்ளைகள் காய்ந்த சாக்ஸ் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய் மற்ற பிள்ளைகளிடம் காலைத் தூக்கிக் காட்டினார்கள், சுவரில் பச்சை உதிர்ந்து அடியில் யாரோ எந்தக் காலத்திலோ அடித்த மஞ்சள் சுண்ணாம்பு தெரிந்தது, அட்டைப்பூச்சிகள் வாசற்படிவரை வந்து யோசித்துவிட்டுத் திரும்பின, தவளைகள் குடும்பத்தோடு ஏழாம் நம்பர் லைனுக்குக் குடிபோயின. மழை கூரைமேல் கொட்டிக்கொண்டிருக்க, ஆனி மாசத்தில் வத்தல் போட்ட லைன் இந்த மலையிலேயே எங்களுடையதுதான். ஏழாம் நம்பர்க்காரர்கள் குடையை மடக்கிக்கொண்டு சும்மா வந்து நின்று எங்கள் வீட்டுக் காற்றை மோந்துவிட்டுப் போனார்கள்.

வறுக்கிற வேலை முதலில் என்னுடையதாக இருந்தது. தோசைக்கல்லில் மணியைப் போட்டால் புஸ்ஸென்று ஒரு ஆவி எழும், தலையணை அளவுக்கு ஒரு மேகமாகத் திரளும், அன்றைக்கு எந்த வீட்டு முறையோ அந்த வீட்டு வாசம் அதில் இருக்கும். புகைக்கூண்டு வழியே வெளியேறி, தேயிலைச் சரிவின்மேல் மெதுவாக ஊர்ந்து, துரை பங்களாத் தோட்டத்துக்கு மேலே போய்ப் பெய்யும். ஒரு நாள் பங்களா சமையல்காரர் குடையோடு இறங்கி வந்தார்.

"யாரும்மா இங்க நெத்திலி காயப்போட்டது? எங்க ரோஜாப் பூவுல ரெண்டு நாளாக் கருவாட்டு மழை பெய்யுது."

"அது மேல இருந்து வர்ற மழைங்க," என்றாள் ரோஸ்மேரி அக்கா முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு. "நாங்க கீழ இருக்கோம்."

போகப் போக எல்லோரும் வறுக்கக் கற்றுக்கொண்டார்கள். வறுக்க என் கைக்கு வராமலேயே பொட்டலம் வீடு வீடாகச் சுற்றியது. கேமராவுக்கு மட்டும் முறையே வரவில்லை. அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்து ஒப்பேற்றினேன். ஊரே அந்தச் சின்னதைக் கொண்டாடுவதைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, சொந்தப் பிள்ளை மேடையேறிப் பரிசு வாங்கினமாதிரி.

குடிக்கக் குடிக்க அதற்குத் தாகம் கூடியது. ஒரு வீட்டில் தொங்கும்போதே மூன்று வீடு காய்ந்தது, அப்புறம் லைன் முழுவதும். சோறு வாய்க்குள் போனதும் அவலானது. லைனில் துணி தைக்கிறவளுக்கு ஊசியில் நூல் கோக்க எச்சில் தொடலாமென்றால் எச்சில் இல்லை. மேஸ்திரி அண்ணன் மலையில் நின்று போடுகிற சத்தம் நடுவில் விரிசல் விட்டது. ரோஸ்மேரி அக்கா தினமும் டிவி முன்னால் உட்கார்ந்து சீரியல் மருமகள் படுகிற கொடுமைக்கு அழுகிறவள், மூக்கை உறிஞ்சினாள், முகத்தைக் கோணினாள், ஒரு சொட்டு வரவில்லை. "கல் நெஞ்சக்காரியா ஆயிட்டேனே செவ்வந்தி," என்றாள். சிரித்தேன். எல்லோரும் சிரித்தோம். காய்ந்த துணிக்கு இதெல்லாம் ஒரு விலையா என்று இருந்தது.

ஆடி இரண்டாம் வாரத்தில் பூவிழி மார்பைப் பிடித்து இழுத்தாள், விட்டாள், என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி பிடித்து இழுத்துவிட்டு அழுதாள். கண்ணீரில்லாத அழுகை. அழுத்திப் பார்த்தேன், ஒன்றுமில்லை.

பூண்டை வேகவைத்துத் தின்றேன். முருங்கைக்கீரை தின்றேன். பால்சுறாக் கருவாடு வாங்கிப் புட்டு செய்து தின்றேன். தின்றதெல்லாம் எனக்குள்ளேயே எங்கோ காய்ந்துபோனது. பவுடர் பால் கலக்கினால் பாட்டிலை அவள் வாய்க்குக் கொண்டுபோவதற்குள் தண்ணீர் வற்றி மறுபடி பவுடராகிவிடும். ஸ்பூனில் வைத்த கஞ்சித்தண்ணி உதட்டுக்குப் போவதற்குள் வெள்ளைப் பொருக்கானது. பொள்ளாச்சிக்கு என் அண்ணன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாமென்றால் ஒன்பதாவது வளைவில் மண் சரிந்து பஸ் நின்று ஐந்து நாள் ஆகியிருந்தது.

ஒவ்வொரு மாசம் நிறையும்போதும் பூவிழியை ஒரே ஜமுக்காளத்தில் படுக்கவைத்து, பக்கத்தில் ஒரே தூக்குவாளியை வைத்து, ஸ்டாண்டில் கேமராவைப் பொருத்திப் படம் எடுப்பது என் வழக்கம். அன்றைக்கு ஐந்தாம் மாசப் படம். எடுத்துவிட்டு நாலாம் மாசத்தைத் தள்ளிப் பார்த்தேன், திரும்ப ஐந்தைப் பார்த்தேன். தூக்குவாளி வளர்ந்திருந்தது.

தங்கதுரை ஃபேக்டரியிலிருந்து வந்ததும் காட்டினேன். அவர் தேயிலையை விரலில் நசுக்கிப் பார்க்கிற மாதிரி, பிள்ளையின் கன்னத்தை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"டிரையர்ல இலை ஒரு நிமிசம் அதிகமா நின்னுச்சுன்னா வாசமே போயிடும் புள்ள," என்றார். "நாமல்லாம் எத்தனை நாளா உள்ள நிக்கிறோம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதினொன்றாம் வீட்டுக்கு ஓடினேன்.

அது மேஸ்திரி அண்ணன் வீட்டு முறை. ஒரு நாள் இல்லை, ஒரு வாரமாகவே அங்கேதான். வருகிற ஞாயிறு அவர் மகள் செலினுக்கு நிச்சயதார்த்தம். வேதக்காரர்களுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன. மாப்பிள்ளை வீட்டார் மண்சரிவைத் தாண்டி நடந்தே வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள், அவர்கள் வந்து உட்காருகிற வீடு சொட்டச் சொட்ட இருக்கக்கூடாது என்று அண்ணன் வைராக்கியமாக இருந்தார்.

"அண்ணே, பொட்டலத்தக் குடுங்க. புள்ளைக்குப் பால் வத்திப்போச்சு."

"பால் வத்துனா ஆஸ்பத்திரிக்குப் போவியா, பொட்டலத்துக்கிட்ட வருவியா?"

"எல்லாத்தையும் குடிச்ச மாதிரி அதையும் அதுதாண்ணே குடிச்சிருக்கு."

சத்தம் கேட்டு லைனே கூடிவிட்டது. எனக்கு ஆதரவாகப் பேசுவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தி துணி மடித்துக்கொண்டே வந்து நின்றாள், ஒருத்தி வத்தலைக் கிளறிக்கொண்டே.

"உன் ஒருத்தி மாருக்காகப் பன்னெண்டு வீடும் நனையணுமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அது என்னோட பொட்டலம்."

"நீ குடுத்ததுதான், இல்லேங்கல," என்றார் அண்ணன். "குடுத்தத ஒருக்காத் திருப்பிக் கேட்டா அப்புறம் அது குடுத்ததாகுமா? ஞாயித்துக்கெழமை தாண்டட்டும். நாலு நாள் பொறுத்துக்க தாயி."

நாலு நாள். பெரியவர்களுக்கு அது ஒரு கணக்கு. ஐந்து மாசப் பிள்ளைக்கு நாலு நாள் என்பது அதன் ஆயுசில் எவ்வளவு என்று எனக்குத்தான் தெரியும். ரோஸ்மேரி அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விட்டாள், போகும்போது பூவிழியின் காலைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலை மேஸ்திரி அண்ணனே வந்தார். நிச்சயதார்த்தத்துக்கு வாசலில் கட்ட பிளக்ஸ் வேண்டும், அதற்கு செலின் படம் வேண்டும். பிளக்ஸில் மகள் முகம் ஆளுயரத்துக்கு இல்லாமல் இந்த மலையில் எந்த நல்ல காரியமும் நடந்ததில்லை. நேற்றுப் பேசினதை நினைத்து வாசலிலேயே நின்றார். எனக்குப் போகக்கூடாது என்று ஒரு மனசு. போனால் அந்த ஆணிக்குப் பக்கத்திலாவது போகலாமே என்று இன்னொரு மனசு. பூவிழியை இடுப்பில் வைத்துக்கொண்டு, சுருக்குப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன்.

செலினை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். பந்தை அமுக்கி லென்ஸில் தூசி ஊதினேன், துணியால் துடைத்தேன், வெளிச்சம் முகத்தின் மறுபக்கம் விழ ஒரு வெள்ளைத் தெர்மகோல் அட்டையை அவள் அம்மா கையில் கொடுத்துப் பிடிக்கவைத்தேன். பத்தொன்பது வயசு, மகாலட்சுமி மாதிரி இருப்பாள். படம் எடுத்துப் பார்த்தேன். சரியில்லை. ஜன்னலுக்கு இன்னும் கிட்டே நகர்த்தினேன், அட்டையைத் தாழ்த்தினேன், உயர்த்தினேன், லைட்டைப் போட்டேன், அணைத்தேன். பத்துப் படம், இருபது படம். புடவை நன்றாக இருந்தது, பூ நன்றாக இருந்தது, சிரிப்பு நன்றாக இருந்தது. கண்ணில்தான் ஆளில்லை.

எந்த மனுஷரைப் படமெடுத்தாலும் கருவிழியில் ஒரு பொட்டு வெளிச்சம் விழும், கடுகு அளவுதான், அது எதிரிலிருக்கிற ஜன்னலின் நிழல். அந்தக் கடுகு விழுந்தால்தான் படத்தில் உயிர் இருக்கும். ஆனால் அது நிற்க வேண்டுமென்றால் கண்ணில் ஈரம் இருக்கவேண்டும். உலர்ந்த கல்லில் ஜன்னல் தெரியுமா?

கேமராவை அண்ணனிடம் நீட்டினேன். "கண்ணைப் பாருங்க."

"கண்ணுக்கென்ன, மை போட்டிருக்கா."

போன ஈஸ்டர் அன்று எடுத்தது அதே கார்டில் இருந்தது. தள்ளித் தள்ளி அதைக் கொண்டுவந்து பெரிதாக்கிக் காட்டினேன். செலின் விழியில் கோவில் வாசல் முழுசாகத் தெரிந்தது, வாசலில் வெள்ளை வேட்டியில் நிற்கிற அண்ணன்கூடச் சின்னதாக. அடுத்து இன்றைய படம். கருப்பு, வெறும் கருப்பு.

செலின் எட்டிப் பார்த்தாள். "அப்பா," என்றாள், "நான் செத்தவ மாதிரி இருக்கேன்."

அண்ணன் கேமராவை வாங்கிக்கொண்டு கதவு வெளிச்சத்துக்குப் போனார். இந்தப் படத்தைப் பார்த்தார், அந்தப் படத்தைப் பார்த்தார். "என்னை ஒண்ணு எடு," என்றார். எடுத்தேன். அவர் கண்ணிலும் இல்லை. அதற்குள் வாசலில் கூடிவிட்டார்கள், என்னை எடு, என்னை எடு என்று. வரிசையாக நிற்கவைத்து எடுத்தேன், துணி மடித்தவளை, வத்தல் கிளறினவளை, ரோஸ்மேரி அக்காவை. ஒருத்தர் கண்ணிலும் கடுகு இல்லை. ஒவ்வொருத்தராகப் பார்த்துவிட்டு விலகி நின்றார்கள், கடைசியில் அண்ணன் கைபட்டுப் படம் தானாகத் தள்ளிப்போய் ஜமுக்காளத்தில் பூவிழியும் தூக்குவாளியும் வந்து நின்றது. அதை அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு உள்ளே போய் ஆணியிலிருந்து பொட்டலத்தை எடுத்துவந்தார். என் பிள்ளைக்காக இறங்காத மனசு அவர் பிள்ளைக்காக இறங்கியது. எனக்கு அதில் வருத்தமில்லை, மனசு எந்தப் படியில் இறங்கினால் என்ன, கீழே வந்தால் சரி.

"ஆத்துல வீசிருவோம்," என்றார்.

"ஆத்தைக் குடிச்சிரும்ணே."

"அப்ப எரிச்சிருவோம். கெட்ட வஸ்து."

"அதைத் திட்டாதீங்க," என்றேன். எனக்குக் கோபமே வந்துவிட்டது. "அது ஒரு முறுக்கு டப்பாவைக் காயவைக்கப் பொறந்தது. மூடிக்குள்ள உட்கார்ந்து ஒரு கேமராவைக் காப்பாத்துற வேலை, அத ஒரு நாளும் தப்பாச் செஞ்சதில்ல. மூடியத் திறந்து ஆணியில மாட்டி மலையையே காயவைன்னு விட்டது நாமதான். சின்ன வேலைக்காரிகிட்டப் பெரிய வீட்டைக் குடுத்தா அது என்ன செய்யும், ராப்பகலாச் செய்யத்தான் செய்யும்."

பொட்டலத்தைக் கையில் வாங்கினேன். கனத்தது, பிறந்த பிள்ளை கனம்.

கடைசியாக ஒரு தடவை வறுக்கவேண்டும். இந்த முறை புகைக்கூண்டை ஒரு சாக்கால் அடைத்து, ஜன்னலைச் சாத்தி, பன்னிரண்டு வீட்டையும் என் அடுப்படிக்குள் வரச்சொன்னேன். பிள்ளைகள் பெரியவர்கள் தோளில், பெரியவர்கள் ஒருத்தர் காலில் ஒருத்தர். தோசைக்கல் காய்ந்தது. ரோஸ் மணிகளைக் கொட்டினேன். ஆவி எழுந்தது, தலையணையாகத் திரண்டது, மெத்தையானது, போக வழியில்லாமல் கூரையை முட்டிக்கொண்டு நின்று, பிறகு யார் யாருடையது எது என்று தெரிந்தமாதிரி பிரிந்து இறங்கியது. மேஸ்திரி அண்ணன் தொண்டையைச் செருமினார், பழைய சத்தம். தைக்கிறவள் நாக்கில் எச்சில் ஊறியது. ரோஸ்மேரி அக்காவுக்கு ஐந்து வாரத்துச் சீரியல் மொத்தமும் ஒரே நேரத்தில் வந்துசேர்ந்தது. கதறினாள், "பாவி மாமியாரே, உருப்படுவியாடி நீ," என்று அடுப்படியே அதிர, அவள் அழுவதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். பூவிழியின் கன்னத்தில் இரண்டு சொட்டு உருண்டது.

எனக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. நெற்றி வேர்த்தது, கழுத்து வேர்த்தது. மார்பு மட்டும் துடைத்த பாத்திரம் மாதிரி அப்படியே இருந்தது.

நீலமாகிவிட்ட மணிகளைப் பொட்டலத்தில் போட்டுத் தைத்து, கேமராவோடு முறுக்கு டப்பாவுக்குள் வைத்து மூடியை அழுத்தினேன். டப்பென்று ஒரு சத்தம். அந்த நிமிஷமே சுவர் வேர்க்க ஆரம்பித்தது, தீப்பெட்டி நமுத்தது.

துணிக்கு என்ன செய்வது என்று மறுநாள் பைப்படியில் பேசினோம். லைன் கோடியில் பழைய ஸ்டோர் ரூம் ஒன்று ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தது. அதையே டப்பாவாக்கிவிட்டால்? தங்கதுரையும் இரண்டு பேரும் ஜன்னல் இடுக்கெல்லாம் தேயிலைப் பெட்டி அட்டை வைத்து அடைத்தார்கள், கதவோரம் ரப்பர் அடித்தார்கள், உள்ளே பன்னிரண்டு கொடி கட்டினார்கள். துணி மட்டும் உள்ளே, ஆள் வெளியே, கதவு சாத்தியிருக்கவேண்டும், வெள்ளியும் செவ்வாயும் ஒரு மணி நேரம், மற்ற நேரம் பொட்டலம் கேமராவுடையது. சாவி ரோஸ்மேரி அக்காவிடம். கதவை ஒரு விரற்கடை திறந்துவைத்தாலும் அக்கா வாயிலிருந்து தப்ப முடியாது.

பவுடர் பால் இப்போது பாலாகவே நின்றது. பாலாடையில் புகட்டினால் பூவிழி பாதி குடித்தாள், பாதியைத் துப்பினாள், பிறகு என் மார்பைத் தேடி வந்து வாய் வைத்து, ஒன்றுமில்லாமல், அப்படியே தூங்கிப்போனாள். வெள்ளி போனது, சனி போனது. தினமும் வைத்துக்கொண்டிருந்தேன். வராத பஸ்ஸுக்கு ஸ்டாப்பில் நிற்கிறமாதிரி.

ஞாயிறன்று மாப்பிள்ளை வீட்டார் முழங்கால்வரை சேற்றோடு வந்து சேர்ந்தார்கள். மேஸ்திரி வீட்டுச் சுவர் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. மாப்பிள்ளையின் அத்தை அதைத் தொட்டுப் பார்த்து, "எங்க வீட்டுல இத விட ஒழுகுது," என்றாள் சந்தோஷமாக. வாசலில் தார்ப்பாய் கட்டி, செலினை மறுபடி எடுத்த படத்தோடு பிளக்ஸ் கட்டி, ஜெபம் முடிந்து, மோதிரம் மாற்றி, இரண்டு குடும்பமும் ஆறாம் நம்பர் லைன் முழுவதும் ஒரே படத்துக்காக நாலு வரிசையாக நின்றார்கள். பூவிழி பின்வரிசையில் அவள் அப்பா கையில். ஸ்டாண்டைச் சேற்றில் ஊன்றி, கேமராவை மாட்டி, ரப்பர் வளையத்தில் புருவத்தை அழுத்தி உள்ளே பார்த்தேன். செலின் கண்ணில் கடுகு. மாப்பிள்ளை கண்ணில் கடுகு. அண்ணன் கண்ணில், ரோஸ்மேரி அக்கா கண்ணில், நாற்பத்தெட்டுப் பேர் கண்ணிலும், மழைக்கு நடுவில் தார்ப்பாய் விட்ட வெளிச்சம் மினுக் மினுக்கென்று.

"எல்லாரும் இங்க பாருங்க," என்றேன்.

பூவிழி பார்த்தாள். என்னைப் பார்த்ததும் அழுதாள், பெரிய வாயாகத் திறந்து, பசிக்கிற அழுகை.

மார்பில் நூறு ஊசி ஒன்றாகக் குத்தியது.

"ஏய் செவ்வந்தி," முன்வரிசையிலிருந்து ரோஸ்மேரி அக்கா கத்தினாள், "உன் மேல தார்ப்பாய் ஒழுகுதா? முன்னாடியெல்லாம் நனைஞ்சிருக்கு!"

குனிந்து பார்த்தேன். ரவிக்கையில் இரண்டு பக்கமும் ஈரம் வட்டமாய் விரிந்துகொண்டிருந்தது, சூடாக.

"தார்ப்பாய் இல்லக்கா," என்றேன். "அக்கா, இங்க வாங்க. வாங்கன்னா வாங்க."

சுருக்குப்பையிலிருந்து, கேமராவில் செருகி எட்ட நின்றே படமெடுக்கிற பொத்தான் வயரை எடுத்துச் செருகி அக்கா கையில் திணித்தேன். "எல்லாரும் சிரிச்சதும் இத அமுக்குங்க. ஒண்ணும் தெரிய வேணாம், அமுக்குனாப் போதும்."

"அடியே, நான் படத்துல வேணாமா?"

"வயர் நீளம்க்கா, கையில வச்சுக்கிட்டே வரிசையில போய் நில்லுங்க!"

தங்கதுரை ஆட்களைப் பிளந்துகொண்டு பிள்ளையோடு வந்தார். அவளைப் பிடுங்கிக்கொண்டு பிளக்ஸுக்குப் பின்னால் ஓடினேன். ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தேன். முன்பக்கம் ரோஸ்மேரி அக்கா எல்லோரையும் திட்டித் திட்டிச் சிரிக்கவைக்கிற சத்தம், டிக், டிக், டிக்கென்று எத்தனை படம் எடுத்தாளோ. பூவிழி வாய் வைத்தாள். ஒரு இழுப்பு. நிறுத்தி, கண்ணை உருட்டி என்னைப் பார்த்தாள். இன்னொரு இழுப்பு. அப்புறம் மடக் மடக்கென்று, மூச்சு விடாமல், மூக்கு வழியே வழிய வழிய. புரையேறியது, உச்சந்தலையில் தட்டினேன், தும்மினாள், என் முகமெல்லாம் பால். துடைக்கவிடாமல் மறுபடி பிடித்துக்கொண்டாள்.